பேங்காக் செவன் இலெவன் கடைல நம்ம தோலுக்கு ஒத்து வர்றது என்னென்ன?

செங்காங்_சாரு:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் ஸ்கூல் லீவுக்கு நான், எங்கம்மா, என் பொண்ணு மூணு பேரும் சிங்கப்பூர்லேர்ந்து நாலு நாள் பேங்காக் போறோம். ஸ்கூட் விமானத்துல டிக்கெட் மலிவா இருந்துச்சுன்னு உடனே போட்டுட்டேன், ஆனா செக்-இன் லக்கேஜ் எடுக்கல, ஆளுக்கு 10 கிலோ கேபின் பேக் மட்டும்தான். இப்ப பிரச்சினை என்னன்னா என் பொண்ணுக்கு 15 வயசு, டிக்டாக்ல பார்த்து பார்த்து ஒரு லிஸ்ட் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா, மொத்தம் 23 ஐட்டம், எல்லாமே அங்க செவன் இலெவன்ல தொங்குற சின்ன சின்ன பாக்கெட் கிரீம். படிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒயிட், ப்ரைட், ஸ்னோ, பிங்கிஷ் இப்படியே போகுது. நாங்க மூணு பேரும் நல்ல மாநிறம், அம்மா இன்னும் கொஞ்சம் கருப்பு. இதெல்லாம் எங்களுக்கு எதுக்குன்னு கேட்டா "மாம் யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்"னு ஒரு பார்வை.

எனக்கு கன்னத்துல மங்கு இருக்கு, பொண்ணுக்கு நெத்தி முழுக்க பரு, அம்மாவுக்கு வருஷம் முழுக்க கழுத்துல வேர்க்குரு. இந்த மூணுக்கும் அங்க உருப்படியா ஏதாவது இருக்கா? மொத்தம் 40 சிங்கப்பூர் வெள்ளிதான் ஒதுக்கியிருக்கேன், சுமார் 1000 பாட் வரும்னு நினைக்கிறேன். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ், நம்ம கலருக்கு போட்டுப் பார்த்தவங்க சொன்னா இன்னும் நல்லது, ஏன்னா நெட்ல ரிவ்யூ போடுறவங்க எல்லாம் ஏற்கனவே பால் மாதிரி இருக்காங்க.

ஈசூன்_மல்லி:

சாரு, கடைசி வரிக்கு நான் சத்தமா சிரிச்சுட்டேன், எம்ஆர்டி ரயில்ல பக்கத்து சீட்டு ஆன்ட்டி திரும்பிப் பார்த்தாங்க.

நான் வேலை விஷயமா வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பேங்காக் போவேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கோங்க. முதல்ல அந்த பாக்கெட் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். நம்ம ஊர் ஷாம்பு சாஷே மாதிரி பல்லால கடிச்சுக் கிழிக்கிற ஜாதி இல்ல, ஓரத்துல குட்டியா ஒரு திருகு மூடி இருக்கும், பிதுக்கிட்டு மூடி வச்சுக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும் வரும். கல்லா பக்கத்துலயோ ஒரு ஓரச் சுவத்துலயோ வரிசையா கொக்கில தொங்கும், விலை பெரும்பாலும் 39, 49, 59 பாட். நம்ம காசுக்கு ரெண்டு வெள்ளி பக்கம்தான். அங்க மாசச் சம்பளக்காரங்க, காலேஜ் பிள்ளைங்க தினமும் வாங்குற சரக்கு, டூரிஸ்டுக்குன்னு செஞ்சது இல்ல, அதனால விலைல ஏமாத்து கிடையாது, பெரும்பாலும் எந்தக் கிளைக்குப் போனாலும் அதே விலை.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். முதல் தடவை போனப்ப நானும் உங்க பொண்ணு மாதிரிதான், அள்ளிட்டேன். அதுல ஒரு சன்ஸ்கிரீன், பாக்கெட்ல "டோன் அப்"னு போட்டிருந்துச்சு, நல்ல வார்த்தைதானேன்னு நினைச்சுட்டேன். மறுநாள் காலைல போட்டுக்கிட்டு சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோவிலுக்குப் போனேன், வாசல்ல பூ விக்கிற அம்மா என்னையே உத்துப் பார்த்தாங்க. அப்புறம் போன் கேமராவுல பார்த்தா முகம் முழுக்க திருநீறு பூசின மாதிரி சாம்பல் கலர், கழுத்து மட்டும் என் சொந்தக் கலர். டோன் அப்னா வெள்ளைப் பூச்சு கலந்திருக்குன்னு அர்த்தம், சன்ஸ்கிரீன் வேலையோட சேர்த்து முகத்தை வெளுப்பாக் காட்டுறதுக்கு. நமக்கு அது வேலைக்கே ஆகாது.

அதனால என் ரூல் ஒண்ணே ஒண்ணு. பாக்கெட்ல ஒயிட், ஸ்னோ, டோன் அப்னு கலரைப் பத்திப் பேசுற எதையும் தொடாதீங்க, வேலை செய்யுற சரக்கை மட்டும் எடுங்க. வெயிலைத் தடுக்குறது, வேர்வையை அடக்குறது, பல்லு விளக்குறது, கொசுவை விரட்டுறது, மூக்கடைப்பைத் திறக்குறது. இந்த அஞ்சுல தாய்லாந்துக்காரங்களை அடிச்சுக்க ஆள் இல்ல, ஏன்னா அவங்க வெயிலும் புழுக்கமும் நம்ம வெயிலும் புழுக்கமும் ஒண்ணுதான்.

சன்ஸ்கிரீன்ல பயோரே, நிவியா, மிஸ்டின் இதெல்லாம் பாக்கெட்ல கிடைக்கும். மிஸ்டின் அவங்க ஊர் பிராண்டு, 1988ல வீடு வீடாப் போய் விக்கிற கம்பெனியா ஆரம்பிச்சது. எஸ்பிஎஃப் 50, பிஏ நாலு பிளஸ் (வெயிலை எவ்வளவு தடுக்கும்னு காட்டுற அளவு) பார்த்து எடுங்க. பின்னாடி இருக்கிற பட்டியல்ல டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு ரெண்டும் முன்னாடியே வந்தா நம்ம தோல்ல வெள்ளை தட்டுறதுக்கு நிறைய சான்ஸ் இருக்கு. பட்டியல் தாய் எழுத்துல மட்டும் இருந்தா ஒரே வழிதான், ஒண்ணு மட்டும் வாங்கி கடை வாசல்லயே புறங்கையில தடவி அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிச்சத்துல பாருங்க, மறைஞ்சுடுச்சுன்னா உள்ள போய் இன்னும் நாலு எடுங்க. நான் அப்படித்தான் செய்றேன், கடைப் பிள்ளைங்க சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க.

அம்மாவுக்கு பாம்பு படம் போட்ட பவுடர். ஸ்நேக் பிராண்டு, 1947லேர்ந்து வருது, வேர்க்குருவுக்குன்னே செஞ்சது. "பேங் யென்"னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, குளிர்ச்சிப் பவுடர்னு அர்த்தம். குளிச்சுட்டு ஈரத்தை நல்லாத் துடைச்சுட்டு கழுத்துல முதுகுல போட்டுட்டு ஃபேன் முன்னாடி உக்காந்தா ஏர்கான் ரூமுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். மூக்குக்குப் பக்கத்துல கொட்டாதீங்க, டால்க் பவுடர், உள்ள போனா இருமல்தான்.

பிடோக்_பையன்:

யா தோம் யா தோம் யா தோம். மத்ததெல்லாம் அப்புறம்.

மூக்குல வச்சு உறிஞ்சுற குச்சிதாங்க. அங்க டாக்சி ஓட்டுறவர்லேர்ந்து பேங்க்ல உக்காந்திருக்கிற அக்கா வரைக்கும் மூக்குல சொருகிக்கிட்டே வேலை பார்ப்பாங்க. போய்சியன் வாங்குங்க, ஒரு வெள்ளி பக்கம்தான் வரும், ஒரு பக்கம் உறிஞ்சலாம், அடிப்பக்கம் திருகினா தைலம் இருக்கும், நெத்திப்பொட்டுல தடவிக்கலாம். பச்சை மூடி போட்ட சின்ன ஜாடி ஒண்ணும் இருக்கும், ஹோங் தாய், உள்ள மூலிகை எல்லாம் துண்டு துண்டாக் கிடக்கும், மிளகு கிராம்பு வாசனை, எங்க பாட்டி அஞ்சறைப்பெட்டியைத் திறந்த மாதிரியே இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு டஜன் வாங்கி ஆபீஸ்ல குடுப்பேன். காலைல ஏழரை மணிக்கு ஈஸ்ட்-வெஸ்ட் லைன் எம்ஆர்டில நிக்கிறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

அப்புறம் செவன் இலெவன்ல விக்கிற சீஸ் டோஸ்ட் சாப்பிடாம வந்துடாதீங்க. பியூட்டி கணக்குல வராது, ஆனா சொல்லாம இருக்க முடியல. சைவமா இருந்தா கவர்ல படத்தைப் பார்த்து எடுங்க, பாதிக்கு மேல ஹாம்.

வார்டு_நைட்ஷிஃப்ட்:

நான் நர்ஸா இருக்கேன், டாக்டர் இல்ல, ஆனா மங்குன்னு படிச்சதும் எழுதாம போக மனசு வரல.

மங்குக்கு வெளுப்பு கிரீமை விட சன்ஸ்கிரீன்தான் முதல் மருந்து. அதுலயும் மங்கு யூவீ கதிர்ல மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துலயும் கருக்கும், அதைத் தடுக்குறதுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் கலர்ல இருக்கிற டின்ட் சன்ஸ்கிரீன் நல்லது. ஆனா அங்க கிடைக்கிற டின்ட் எல்லாம் பெரும்பாலும் சந்தனக் கலருக்கு மேல போகாது, நமக்குப் போட்டா தனியாத் தெரியும். அதனால சாரு அக்கா, உங்களுக்கு அங்க பகல்ல போட சாதா சன்ஸ்கிரீன், தொப்பி, குடை போதும், டின்ட்டை இங்க பாலிகிளினிக்லயோ ஸ்கின் கிளினிக்லயோ கேட்டுட்டு வாங்குங்க. எவ்வளவு போடுறதுன்னா ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்து ரெண்டுக்கும். பொட்டு வைக்கிற மாதிரி அஞ்சு புள்ளி வச்சுத் தேய்ச்சா எஸ்பிஎஃப் 50 போட்டும் பிரயோஜனம் இல்ல. அப்படிப் போட்டா ஒரு பாக்கெட் ஒரு ஆளுக்கு பத்து நாள் வராது மல்லி அக்கா, கோச்சுக்காதீங்க, ஆறேழு தடவை போட்டா காலி.

இப்ப பயமுறுத்துற பகுதி. எங்க சொந்தத்துல ஒரு தங்கச்சி, கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி ஏதோ நைட் மார்க்கெட்ல லேபிளே இல்லாத ஒரு டப்பா மஞ்சள் கிரீம் வாங்கிட்டு வந்தா. ரெண்டே வாரத்துல பளபளன்னு ஆயிட்டா, வீடே கொண்டாடுச்சு. நிறுத்துனதும் முகம் முழுக்க சிவந்து தோலுரிஞ்சு, பழைய கலரை விட கருத்து, கல்யாண ஆல்பத்துல பாதி போட்டோவை எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா. உள்ள என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியல.

இந்த மாதிரி கிரீம்ல பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு கலந்திருக்கறதா இங்க எச்எஸ்ஏ (மருந்து, காஸ்மெடிக்கைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) எத்தனையோ தடவை எச்சரிக்கை விட்டிருக்கு. பாதரசம் தோல்ல மெலனின் உண்டாகறதைத் தடுக்கும், அதனாலதான் சீக்கிரம் வெளுக்குது, ஆனா தோல் வழியா உள்ள போய் கிட்னியைக் கெடுக்கும். ஆசியான் (தென்கிழக்காசிய) நாடுகளுக்கு 2008லேர்ந்து காஸ்மெடிக்குக்கு ஒரே விதிமுறைதான், தாய்லாந்துலயும் பாதரசம் கிரீம்ல போடத் தடை. அதனால செவன் இலெவன் மாதிரி கடைல சீல் பிரிக்காம, கம்பெனி பேர், நீளமா ஒரு நோட்டிஃபிகேஷன் நம்பர், தேதி எல்லாம் அச்சடிச்ச பாக்கெட்டா வாங்குறது வேற, தெருவோரத்துல ஜாடியில வாங்குறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

பொண்ணுக்கு புதுசா எதுவா இருந்தாலும் முதல்ல காது பின்னாடி தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க. ஒரே ராத்திரில நாலு பாக்கெட் போட்டா எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பருவுக்கு அங்க பிம்பிள் பேட்ச் மலிவு, வட்டமா ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், அதை வாங்குங்க. பொண்ணு கையை வச்சு நோண்டாம இருப்பா, அதுவே பாதி வைத்தியம்.

பொங்கோல்_வாத்தியார்:

பெண்கள் பேசுற இடத்துல கிழவன் வந்து நுழையறேன்னு நினைக்காதீங்க. சாஷேன்னு பார்த்ததும் கை துறுதுறுங்குது. இந்த பாக்கெட் வியாபாரத்துல நம்ம கடலூருக்கு பெரிய பங்கு உண்டுன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. கடலூர் சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், பணக்காரன் வாங்குற பொருள் கூலிக்காரனுக்கும் கிடைக்கணும்னா சின்னதா அடைச்சு விக்கணும்னு சொல்லி பாக்கெட்ல போட்டு வித்தார். அவர் பையன் சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயை வச்சுக்கிட்டு சிக் ஷாம்பு ஆரம்பிச்சு, கிராமத்துல சீயக்காய்ல தலை தேய்ச்சவங்களை எல்லாம் ஷாம்புக்குக் கொண்டு வந்தார், அதுதான் இப்ப கெவின்கேர். நாங்க ஊருக்குப் போனா பொட்டிக்கடைல சரமாத் தொங்கும், அதுல ஒண்ணைப் பிச்சுக் குடுப்பாங்க. தாய்லாந்துக்காரன் அதுக்கு மூடி வச்சுட்டான், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லல. தேதி! அங்க புத்த வருஷக் கணக்கு. சில பாக்கெட்ல 2570னு போட்டிருக்கும், பயந்துடாதீங்க, 543ஐக் கழிச்சா 2027. இன்னும் சிலதுல வெறும் 70னு கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் இருக்கும். எங்க வீட்டம்மா ஒரு தைலத்தைப் பார்த்துட்டு "இது நம்ம பேரன் பேத்தி காலம் வரைக்கும் கெடாதுங்க"ன்னு ஆறு வாங்கிட்டா. காலாவதிக்கு தாய் மொழில "மொத் ஆயு"ன்னு சொல்றாங்க. அந்த ஆயு நம்ம ஆயுள்தான், சமஸ்கிருதத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் போன சொல். மொத்னா தீர்ந்துபோச்சு. ஆயுள் தீர்ந்துபோச்சுன்னு கிரீமுக்கு எழுதியிருக்கறதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

தேக்காக்காரன்:

இவ்வளவு கதை எதுக்கு, பாம்பு பவுடர், போய்சியன் எல்லாம் இங்க தேக்கா முஸ்தபா கடையிலயே கிடக்குது. ராத்திரி சாப்பிட்டுட்டு நடந்து போய் வாங்கிட்டு வரலாம். கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் மூடுறதுக்கு முன்னாடி அங்க இருந்த தாய் சூப்பர்மார்க்கெட் இப்ப ஆப்பீரியா மால்ல இருக்கு, அங்கயும் இருக்கும். அப்புறம் சின்ன பாக்கெட் மலிவுன்னு யார் சொன்னது? 7 கிராம் 39 பாட்னா கிராம் அஞ்சரை பாட். அதே கிரீம் 50 கிராம் டியூபா 199க்குப் போட்டிருந்தான், கிராம் நாலு பாட். வாத்தியார் ஐயா சொன்ன கூலிக்காரன் கணக்குல, கூலிக்காரன்தான் அதிகமாக் குடுக்கறான்.

ஈசூன்_மல்லி:

தேக்கா அண்ணா கணக்கு சரிதான், மறுக்கல. ஆனா 199 குடுத்து டியூப் வாங்கி முகத்துல திருநீறு அடிச்சா அந்த 199ம் குப்பைக்குத்தான். 39ல தெரிஞ்சுக்கிட்டா 160 மிச்சம். பாக்கெட் சோதிச்சுப் பார்க்குறதுக்கு, ஒத்து வந்ததை டியூபா பிக் சி, லோட்டஸ் மாதிரி சூப்பர்மார்க்கெட்ல வாங்கணும். சென்ட்ரல்வேர்ல்டு மாலுக்கு எதிர்ல ராஜதம்ரி ரோட்டுல பெரிய பிக் சி இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போகாதீங்க, கல்லா வரிசைல நின்னே கால் வீங்கிடும்.

வார்டு தங்கச்சி, கோவமெல்லாம் இல்ல. பத்து நாள்னு சொன்னேனே, அப்படின்னா நான் இத்தனை வருஷமா கம்மியாத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் போல!

அப்புறம் பல்பசை பத்திச் சொல்ல மறந்துட்டேன். சின்ன வட்ட டப்பாவுல கெட்டியா வர்ற மூலிகைப் பேஸ்ட் ஒண்ணு இருக்கு, பட்டாணி அளவு எடுத்தாலே போதும், கிராம்பு கற்பூரம் எல்லாம் சேர்ந்து வாய் விறுவிறுன்னு ஆகும், சின்ன வயசுல ஊர்ல பல்பொடி தேய்ச்ச ஞாபகம் வரும். ட்வின் லோட்டஸ்னு கறுப்பா ஒண்ணு டியூப்ல வரும், பொண்ணு முகத்தைச் சுளிப்பா, அம்மாவுக்குப் பிடிக்கும்.

செங்காங்_சாரு:

ஐயோ இவ்வளவு பதிலா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, 543ஐ பொண்ணு போன்ல நோட் பண்ணி வச்சுட்டா. தேக்கா அண்ணா, முஸ்தபாவுக்கு வேணும்னா அம்மாவை அனுப்பறேன், திரும்பி வரும்போது பவுடரோட சேர்த்து மூணு எவர்சில்வர் டப்பாவும் வரும், அதுக்கு பேங்காக்கே மலிவு.

இன்னும் ஒரே சந்தேகம், கேபின் பேக்ல இதையெல்லாம் எப்படிக் கொண்டு வர்றது? பல்பசையும் திரவமா? பவுடரும் கணக்கா?

பிடோக்_பையன்:

கிரீம், ஜெல், பேஸ்ட், தைலம் எல்லாமே திரவக் கணக்குதான் அக்கா. ஒவ்வொண்ணும் 100 மில்லிக்குள்ள இருக்கணும், எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லிட்டர் ஜிப் பை ஒண்ணு. 150 கிராம் டியூப் பாதி காலியா இருந்தாலும் விடமாட்டாங்க, டியூப்ல அச்சடிச்ச அளவைத்தான் பார்ப்பாங்க, பேங்காக் சுவர்ணபூமி ஏர்போர்ட்ல எனக்கு ஒரு டியூப் போச்சு. பாக்கெட் சரக்குக்கு இதுதான் பெரிய லாபம், 7 கிராம் பாக்கெட் முப்பது போட்டாலும் அந்தப் பைக்குள்ள அடங்கும். சோப்பு, பவுடர் தனியா வச்சுக்கலாம். கிளி படம் போட்ட பச்சை சோப்பு ஒரு பேக் வாங்கிப் போடுங்க, துணி எல்லாம் பூ வாசனை வரும்.

மூணு பேர்னா மூணு பை. அம்மா கோட்டாவை மறக்காதீங்க.

உட்லண்ட்ஸ்_ஷிபா:

லேட்டா வர்றேன், ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன், யாரும் சொல்லாததால. கஞ்சா இலை படம்! 2022 ஜூன்ல அவங்க கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியல்லேர்ந்து எடுத்ததுக்கு அப்புறம் சோப்பு, லிப் பாம், பானம்னு எல்லாத்துலயும் ஹெம்ப் (அதுவும் கஞ்சாச் செடி வகைதான்), கஞ்சான்னு போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் சட்டத்தை இறுக்கினாலும் அந்த மாதிரி சரக்கைப் பார்த்தா தள்ளியே நில்லுங்க. சிங்கப்பூருக்குள்ள கொண்டு வர்றது குற்றம், இங்க சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) ரெண்டு பேரும் வெளிநாட்டுல உட்கொண்டாலும் சட்டம் பாயும். விரல் மாதிரி விரிஞ்ச இலை படம் இருந்தா கீழ வச்சுடுங்க, எவ்வளவு அழகா பேக் பண்ணியிருந்தாலும் சரி. பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க, அவளுக்கு அது வெறும் பச்சை இலைதான். சூயிங்கம்மும் கல்லா பக்கத்துலயே இருக்கும், பழக்க தோஷத்துல பைல போட்டுக்கிட்டு வந்துடாதீங்க.

வீட்டுல கைக்குழந்தை இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, இந்த குளிர்ச்சிப் பவுடர், தைலம், குச்சி எதையும் குழந்தை கிட்ட கொண்டு போகாதீங்க, கற்பூரம் மெந்தால் எல்லாம் சின்னக் குழந்தைக்கு ஆகாது. ஜி6பிடி குறைன்னு (ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கிற பிறவி என்சைம் குறை) பிறந்தப்பவே ஆஸ்பத்திரில சொல்லியிருந்தா கட்டாயமா டாக்டரைக் கேளுங்க, எங்க பையனுக்கு அது இருக்கு, பாச்சை உருண்டை கூட வீட்டுல கிடையாது.

அடுத்து கிராபி, சிமிலன்னு தாய்லாந்துக் கடல் பக்கம் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021லேர்ந்து கடல் தேசியப் பூங்காக்கள்ல சில சன்ஸ்கிரீனுக்குத் தடை. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட்னு ரெண்டு ரசாயனமும் அந்தத் தடைப் பட்டியல்ல இருக்கு, பவளப்பாறை கெடுதுன்னு. அபராதம் ஒரு லட்சம் பாட் வரைக்கும் போகும். பேங்காக்ல சுத்துறதுக்கு அந்தக் கவலை இல்ல.

செங்காங்_சாரு:

போயிட்டு வந்துட்டோம். எப்படிப் போச்சுன்னு எழுதறேன்.

மொத்தம் 912 பாட் ஆச்சு. 23 ஐட்டம் லிஸ்ட்ல பொண்ணு கடைசில வாங்கினது ஆறுதான், ஏன்னா முதல் நாளே ஹோட்டலுக்குக் கீழ இருந்த செவன் இலெவன் வாசல்ல நின்னு மல்லி அக்கா சொன்ன மாதிரி புறங்கை டெஸ்ட் வச்சேன். மூணு சன்ஸ்கிரீன், மூணு பேர் கை. அம்மா கையில ரெண்டு வெள்ளையா நின்னுச்சு, ஒண்ணு மட்டும் மறைஞ்சுது. பொண்ணு கையில ஒண்ணு பிங்க்கா, பாட்டியைப் பார்த்து "யூ லுக் லைக் எ கோஸ்ட்"னு சொன்னவ தன் கையைப் பார்த்ததும் கப்சிப். அதுக்கப்புறம் ஒயிட்னு போட்டதெல்லாம் அவளே எடுத்து மறுபடி கொக்கில மாட்டிட்டா, நான் ஒரு வார்த்தை சொல்லல. மறைஞ்ச அந்த ஒண்ணை அஞ்சு பாக்கெட், அப்புறம் பிக் சி-ல டியூபா ரெண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போயிட்டோம், கால் வீங்குச்சு அக்கா.

கடைல பை குடுக்க மாட்டாங்கன்னு யாரும் சொல்லலையே, 2020லேர்ந்தே பிளாஸ்டிக் பை நிறுத்திட்டாங்களாம், அம்மா முந்தானையில அள்ளிக்கிட்டு ரோட்டைக் கடந்தாங்க.

பாம்பு பவுடர் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வேர்க்குரு குறைஞ்சதான்னு தெரியல, அரிப்பு இல்லாம தூங்கறாங்க. போய்சியன் ஒரு டஜன் வாங்கினோம், எங்க பிளாக் கீழ டாய்ச்சி உடற்பயிற்சிக்குப் போற ஆன்ட்டிங்களுக்கு அம்மாவே பங்கு போட்டுக் குடுத்துட்டாங்க, எனக்கு ஒண்ணுதான் மிச்சம். கறுப்பு பல்பசை ஒரு தடவை விளக்கிட்டு பொண்ணு துப்பின வேகத்துல பேசின் பயந்துடுச்சு.

மங்கு அப்படியேதான் இருக்கு, அதுக்கு அடுத்த மாசம் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். வார்டு தங்கச்சி சொன்ன ரெண்டு விரல் கணக்குல போட்டா பாக்கெட் ஆறாவது நாளே பிதுக்க வரல. நேத்து கத்தரிக்கோல் எடுத்து ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், உள்ள சுவத்துல ஒட்டிக்கிட்டு இன்னும் ஒரு நாளைக்கு இருந்துச்சு.